ஒன்றாம் வகைக் குரல்

செந்தூர்பாண்டி பெண் பார்க்க வந்த அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளைக் களை நன்றாகவே தெரிந்தது. வேட்டி மடிப்புகூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தான். பெண்ணின் அம்மா மாடத்தி, வாழைக்காய் பஜ்ஜித் தட்டோடு வந்து அவன் முன்னால் குனிந்து, "எடுத்துக்கிடுங்க மாப்ள" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மாப்பிள்ளை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். மூச்சை அடக்கியதில் கன்னம் இரண்டும் உப்பின. எழுந்து நின்று, ஜன்னல் திரை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தான். பிறகு காற்று வரும் திசையில், அதாவது வாசல் வழியாக, யாரையும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டான்.

"பொண்ணு பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லணும்ல! இது என்னல பழக்கம்?" என்று அவன் அம்மா பின்னாலேயே ஓடினாள். உள்ளறையில் பட்டுச்சேலையும் பூவுமாக உட்கார்ந்திருந்த முத்துச்செல்வி அழ ஆரம்பித்தாள். மாடத்தி தட்டை என் மடியில் வைத்துவிட்டு, என் காதருகே வந்து, குரலே எழாமல் வெறும் காற்றாகப் பேசினாள்.

"எனக்கு என் தொண்ட திரும்ப வேணும் பிள்ள. வாங்கிக் குடு."

வாங்கிக் கொடுக்க வேண்டிய ஆள் நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு போனதும் நான்தான்.

தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் மாப்பிள்ளையைக் கண்டுபிடித்தேன். இப்போதுதான் மூச்சு விட்டிருப்பான் போல; முகம் இன்னும் சிவந்திருந்தது.

"என்ன தம்பி, பொண்ணு பிடிக்கலியா?"

"ஐயோ, பிடிச்சிருக்கு மேடம். ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அவங்க அம்மா..." எச்சிலை விழுங்கினான். "அவங்க அம்மா டிரம்முல பேசுத பொட்டுல்லா!"

"ஆமா. நீங்க எந்த ஆலை?"

"உங்களுக்கு அடுத்த கேட்டுதான். ஸ்டோர்ல இருக்கேன். இருநூறு டிரம் மேடம். இருநூறும் அவங்க குரல்லதான் வையும். 'ஏல, கையுறை எங்க?', 'கையத் தூக்கு', 'மூச்ச அடக்கு', 'காத்துக்கு எதுக்க நட'. மூணு வருஷமாக் கேக்கேன். நான் யோசிக்கதுக்குள்ள காலு கெளம்பிருது."

"மாமியாருக்குப் பயப்படுறது உலகத்துல புதுசா என்ன?"

"பயம் இல்ல மேடம்." அவன் சிரிக்கவில்லை. "போன வருசம் சங்கிலி அந்து ஒரு டிரம் சாஞ்சிட்டு. நான் கீழ குனிஞ்சி செல்போனப் பாத்துக்கிட்டு நிக்கேன். அந்தக் குரல்தான் என்னயக் கெளப்பி விட்டுச்சி. இல்லன்னா இன்னைக்குப் பொண்ணு பாக்க ஆளு ஏது? அதெல்லாம் சரி. கல்யாணம் முடிஞ்சி மறுவீட்டுக்கு வந்தா, 'சோறு போடவா'ன்னு கேப்பாங்கள்லா? எந்திரிச்சி ஓடிருவேனே மேடம். மூணு தடவ ஓடினா யாரு மதிப்பா?"

நியாயமான கேள்விதான். கையில் இருந்த பஜ்ஜியை, "எடுத்துக்கிடுங்க" என்று அவனிடம் நீட்டினேன். என் குரலில் சொன்னதால் ஒழுங்காக வாங்கித் தின்றான்.

என் பெயர் ஜெனோவா. முத்தாபுரம் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. உங்கள் காரை ஒரு தடவை சார்ஜ் செய்தால் ஒரு மாதம் ஓடுகிறதல்லவா, அந்த பேட்டரிக்குள் போகும் டி-நாற்பது என்ற சரக்கை நாங்கள் செய்கிறோம். நிறம் கிடையாது, வாடை கிடையாது, பார்த்தால் குடிதண்ணீர். புறங்கையில் ஒரு சொட்டு பட்டு, கழுவாமல் விட்டால், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் இருக்க மாட்டான். ஆலைக்குள் அதற்குச் 'சம்பந்தி' என்று பெயர். மரியாதை குறையக் கூடாது, ரொம்ப நெருங்கவும் கூடாது, ஒரு சின்னத் தப்பு நடந்தாலும் ஆயுசுக்கும் தீராது.

முன்பெல்லாம் இந்த மாதிரிச் சரக்கு எத்தனை ஆபத்து என்று மனிதர்கள்தான் வகைப்படுத்தினார்கள். மனிதர்கள் எழுதினால் என்ன ஆகும்? ஆளையே கொல்லும் ஒன்றாம் வகை விஷம், லேசான மூன்றாம் வகைச் சீட்டை ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வழியாகப் போனது. போய், ஒரு நாள் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு வந்த சட்டம்தான் பொட்டு. டிரம்மின் நெற்றியில் ஒட்டும் வட்டச் சில்லு. உள்ளே இருப்பதை அதுவே முகர்ந்து, அதுவே வகை சொல்லும். ஒன்றாம் வகைக்கு நல்ல ரத்தச் சிவப்பு. பக்கத்தில் வருகிறவன் கையுறை போட்டிருக்கிறானா, முகமூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் வாயைத் திறந்து சொல்லும். அணைக்க முடியாது, திட்டம்போட்டு ஏமாற்றவும் முடியாது.

எங்கள் முதலாளி பொன்னுத்துரை அண்ணாச்சி அதையும் ஒரு தடவை முயன்று பார்த்தார். மூன்றாம் வகை என்று ஆக்கினால் ஊர் வழியாகவே லாரியை விடலாம், பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டாம். ஒரு நிபுணரைக் கூட்டிவந்து பொட்டின் முன்னால் நிறுத்தினார். பொட்டு அந்த ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெறுங்கையோட வந்துருக்கியே, வீட்ல பொண்டாட்டி பிள்ள இருக்கா?" என்று கேட்டது. நிபுணர் அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார்.

குரல் மட்டும் எங்கள் விருப்பம். உள்ளூர் ஆளின் குரலாக இருக்க வேண்டும், கேட்டவன் யோசிக்காமல் பணிய வேண்டும் என்பது விதி. நாற்பது பேர் குரலை எடுத்துச் சோதித்தேன். என் குரலுக்கு ஆட்கள் நான்கு வினாடி எடுத்தார்கள். "சரி மேடம்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்கள். கேன்டீனில் சமைக்கும் மாடத்தியின் குரலுக்கு அரை வினாடி. வரிசையில் இடையில் நுழைகிறவனையும், தட்டில் சோற்றை மிச்சம் வைக்கிறவனையும் இருபது வருடமாக அதட்டி வளர்த்த குரல். அவளும் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டாள். முத்தாபுரத்தின் பதினான்கு ஆலைகளும் அந்தக் குரலையே வாங்கிக்கொண்டன. நிர்வாகம் அவளுக்கு ஒரு கிரைண்டர் பரிசு தந்தது.

ஒரு குரலை நாளைக்கு நூறு தடவை விஷத்தின் பக்கத்தில் கேட்டால் அந்தக் குரல் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன், யோசிக்கவே இல்லை. ஆறு மாதத்தில் மீன் சந்தையில் மாடத்தி "இந்த ஊளிய எடு" என்றால் மீன்காரன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கையை உயர்த்தினான். பஸ்ஸில் "செத்த தள்ளி உக்காரு" என்றால் பாதி பஸ் காலியானது. கோயில் கொடைத் திருவிழாவில் அம்மன் பாட்டுப் பாட எழுந்தவளைப் பூசாரியே வேண்டாம் என்று கும்பிட்டார். அவள் புருஷன் மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தார். "எனக்கு இது பழசுதான மேடம்" என்றார். மற்றபடி அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சைகைக்கு மாறினாள். கேன்டீனில் கரண்டியால் சட்டி விளிம்பைத் தட்டுவாள். ஒரு தட்டு சாம்பார், இரண்டு தட்டு ரசம். சிரித்துச் சிரித்துப் பேசுகிற பொம்பளை அவள்.

பெண் பார்த்த மறுநாள் அண்ணாச்சியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். எதிர்ப்பார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"ரொம்ப நல்லதும்மா. வெளிநாட்டுக்காரன் வந்திருக்கும்போது 'ஏ கோட்டு, தள்ளி நில்லுல'ன்னு டிரம்மு கத்துச்சே, அன்னைலேருந்து எனக்கு மனசே சரியில்ல. வகையக் கொறைக்கத்தான் முடியல. குரலையாவது கொறைப்போம்."

"அண்ணாச்சி, புதுக் குரலுக்கும் ஆளுங்க பணியணும். அதான் விதி."

"அன்பாச் சொன்னா யாரு பணிய மாட்டா?"

முத்தாபுரத்தில் பிறந்து, பட்டணத்துக்குப் போய் விளம்பரங்களுக்குப் பேசும் ஒரு பெண்ணின் குரலைக் கொண்டுவந்தார். உள்ளூர்க்காரி என்பதால் விதிக்குப் பொருந்தியது. பணிகிற சோதனையை மூன்று மாதத்துக்குள் செய்தால் போதும் என்று அதே விதியில் ஒரு பொந்தும் இருந்தது. மற்ற ஆலைக்காரர்களும் சேர்ந்துகொள்ள, பதினான்கு ஆலைகளிலும் மாடத்தி வாயை மூடினாள், தேன் குரல் வாயைத் திறந்தது.

"அன்புப் பணியாளரே, தாங்கள் கையுறை அணிய மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறதே."

ஒரே வாரத்தில் ஆலை கெட்டுக் குட்டிச்சுவரானது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இசக்கிமுத்து வேண்டுமென்றே ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு டிரம்முக்குப் பக்கத்தில் போய் நிற்பான். அது சொல்லும். "இன்னொரு தடவ சொல்லு தாயி" என்பான். அதுவும் சலிக்காமல் சொல்லும். சிலர் சிவப்புப் பொட்டின் முன்னால் தலை சீவிக்கொண்டு போனார்கள். இசக்கியைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

"ஏல, உள்ள இருக்கது சம்பந்தில! மறந்துட்டியா?"

"சம்பந்திதான் மேடம். ஆனா இப்பம் நல்ல சம்பந்தியா ஆயிட்டாவ" என்றான்.

அதே வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. மீன்காரன் மாடத்திக்குக் கூசாமல் ஊளி நறுக்கிக் கொடுத்தான். அவள் கேன்டீனில் பழையபடி கதை அடித்தாள். செந்தூர்பாண்டி ஞாயிறுதோறும் வந்து பழகினான். முதலில் வாசலுக்கு வெளியே, பிறகு நடையில், பிறகு ஆறடி தூரத்தில். மூன்றாவது ஞாயிறு அவள் "காப்பி ஆறிரும், குடிங்க" என்றபோது நடுங்கிக்கொண்டே குடித்துவிட்டான். ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள்.

"மண்டபத்து வாசல்ல நின்னு 'வாங்க'ன்னு வாய் நெறையச் சொல்லுவேன் பாரு. ஒரே ஒரு மக. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மாடத்தி. அவளுக்கு அந்த 'வாங்க' வேண்டும். எனக்கு எங்கள் ஆலையின் நாற்பத்து மூன்று பேர் உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தன.

அண்ணாச்சியிடம் இரண்டு தடவை சொன்னேன். "ஒண்ணும் ஆவலல்லா?" என்றார் இரண்டு தடவையும். அதனால் அந்தப் பாக்கிச் சோதனையை, அதாவது திடீர் ஒத்திகையை, ஆடி மாதம் ஒரு புதன்கிழமை வைத்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்பது சட்டம். வெறும் புகை மட்டும் விடும் உலர்பனிக்கட்டி போட்ட காலி டிரம் ஒன்றை, பொட்டை அதிகாரிக்கு மட்டும் சட்டம் அனுமதிக்கும் ஒத்திகை நிலைக்கு மாற்றி, முற்றத்தில் வைத்தேன். புகை வரும், பொட்டு கசிவு என்று அறிவிக்கும், நான் கடிகாரம் பிடித்து எத்தனை வினாடி என்று எழுதி அண்ணாச்சி மேஜையில் வைப்பேன். என் திட்டம் அவ்வளவுதான்.

காலையில் கேன்டீன் வழியாகப் போகும்போது மாடத்தி அப்பளக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, இன்னைக்கு அப்பளத்த ஒண்ணரைக்குப் பொரிங்க. சீக்கிரம் பொரிச்சா நமத்துரும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு டிரம்மின் மூடியிலிருந்து வெள்ளையாகப் புகை வழிந்தது. பக்கத்தில் இசக்கியும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். கொஞ்சம் தள்ளி அண்ணாச்சி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"அன்புப் பணியாளர்களே," என்றது தேன் குரல், "ஒரு சிறு கசிவு ஏற்பட்டுள்ளது. தாங்கள் மூச்சை அடக்கி, காற்று வரும் திசையில் விலகிச் செல்வது நலம்."

ஒரு வினாடி. இரண்டு. இசக்கி சிரித்தான். நான்கு. யாரோ "என்னடே, பாட்டு மாதிரில்லா இருக்கு" என்றான். ஏழு. ஒருவன் புகைக்குப் பக்கத்தில் குனிந்தே பார்த்தான். நிஜமாக இருந்தால் அவன் மூச்சு இழுத்த அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும். ஒன்பது. பத்து. பதினொன்று.

அப்போது கேன்டீன் ஜன்னல் படாரென்று திறந்தது.

"எல! மூச்ச அடக்கு! கையத் தூக்கு! காத்துக்கு எதுக்க நட!"

முற்றத்திலும் உள்ளேயும் இருந்த நாற்பத்து மூன்று பேரும் கிளம்பினார்கள். கன்னத்தை உப்பிக்கொண்டு, கைகளைத் தூக்கிக்கொண்டு, வரிசை குலையாமல், காற்றுக்கு எதிரே. எல்லோருக்கும் முன்னால் அண்ணாச்சி. அவருக்கு ஓடத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு செருப்பு டிரம் பக்கத்திலும் இன்னொன்று காவலாளி அறை கூரையிலும் பிறகு கிடைத்தன. கூரைக்கு எப்படிப் போனது என்று இன்றுவரை யாருக்கும் புரியவில்லை.

ஒத்திகை என்று அறிவித்தேன். கணக்கையும் வாசித்தேன்: தேன் குரலுக்குப் பதினொரு வினாடியில் ஒருவனும் நகரவில்லை, மாடத்திக்கு அரை வினாடி. இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. அண்ணாச்சி வெறுங்காலோடு வந்து, "பழைய குரலையே போட்ரும்மா" என்று மட்டும் சொன்னார்.

சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு கேன்டீனுக்குப் போனேன். மாடத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் பார்த்துப் பேச முடியவில்லை.

"எக்கா, என்னய மன்னிச்சிருங்க. ஒத்திகைதான்னு உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். தெரிஞ்சிருந்தா நீங்க கத்தியிருக்க மாட்டிய. முகூர்த்தத்துக்கு முப்பத்தஞ்சு நாள் இருக்கு, இப்பம் போய்..."

"தெரியும்" என்றாள்.

"என்னது?"

"ஒத்திகைன்னு தெரியும். காலைலயே தெரியும். இந்த மூணு வருசத்துல எனக்கு நீ எந்தச் சமையலும் சொன்னதில்ல. இன்னைக்கு வந்து அப்பளத்துக்கு மட்டும் நேரம் சொல்லுத. சாப்பாடு பிந்தும்னு ஒனக்கு எப்டித் தெரியும்?"

சட்டப்படி யாரிடமும் சொல்லாத ரகசியத்தை அப்பளம் நமத்துப் போகுமே என்று கவலைப்பட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

"தெரிஞ்சுமா கத்துனீங்க?"

"எனக்குத் தெரியும். அவனுவளுக்குத் தெரியாதுல்லா?" பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். "தெரியாமலே சிரிச்சிக்கிட்டு நிக்கான் பாரு, அதப் பாத்த பொறவு எனக்குப் பொறுக்கல பிள்ள. நாளைக்கு நெசமா வந்தாலும் அப்டித்தான நிப்பானுவ. நான் ஆக்குன சோத்தத் தின்ன பயலுவ."

"வேற யாரு குரலாவது தேடுவோம்க்கா."

"எதுக்கு? அவ மீன் வாங்கப் போவாண்டாமா? அவளுக்கு மக இருக்க மாட்டாளா?" முந்தானையில் கையைத் துடைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதற்கு முன்னாலேயே கலங்கிவிட்டது. "எனக்குத்தான் ஏற்கெனவே போயிட்டு. குரலக் குடுக்கேன். ஆனா ஒண்ணு செய்யி. விசம் வந்தா மட்டும் என்னயப் பேச வச்சிய. எல்லாம் ஒழுங்கா முடிஞ்சா வாய மூடிக்கிடணும். அது என்ன நியாயம்? ஒழுங்கா முடிச்சவன்கிட்டயும் நான் ஒரு வார்த்த பேசணும்."

விதிப்புத்தகத்தை அன்றைக்கே புரட்டினேன். பொட்டு பாதுகாப்புச் செயல்களுக்கு மட்டுமே பேசலாம் என்று இருந்தது. பாதுகாப்பாகக் கையாள்வதில் கடைசிச் செயல் எது? கையுறையை முறைப்படி கழற்றிவிட்டு, சாப்பிடும் முன் கையைக் கழுவுவது. பக்கம் நூற்றுப் பதினாறில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. குழாயடியிலும் ஒரு பொட்டை ஒட்டினேன். மாடத்தியை உட்கார வைத்துப் புதிதாக ஒரே ஒரு வரி பதிவு செய்தோம். பதினான்கு ஆலைகளிலும், ஷிப்டுக்கு இரண்டு தடவை, கையை ஒழுங்காகக் கழுவியவனிடம் மட்டும் பொட்டு அதைச் சொன்னது. மற்ற நேரத்தில் பழையபடி வைதது.

மீன்காரன் மறுபடி கத்தியைக் கீழே போட ஆரம்பித்தான். மாடத்தி மறுபடி சைகைக்குப் போனாள். செந்தூர்பாண்டி ஆறடியிலிருந்து நடைக்கும், நடையிலிருந்து வாசலுக்கும் பின்வாங்கினான்.

ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் நிறையத் தொழிற்பேட்டை ஆட்கள். மாடத்தி வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றாள். வந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. தாலி கட்டும்போதுகூட உதட்டைக் கடித்துக்கொண்டுதான் அழுதாள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது.

பந்திக்கு இலை போட்டாயிற்று. யாரும் எழவில்லை, எல்லோரும் செல்போனில் இருந்தார்கள். சமையல்காரர் சோறு ஆறுகிறது என்று கையைப் பிசைந்தார். மாடத்தி என்னைப் பார்த்தாள். நான் குழாயடிப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"கையக் கழுவியாச்சா?" என்றாள், முழுக் குரலில், குழாயடிப் பொட்டுக்குப் பதிவு செய்த அதே வரியை. "வாங்க, சாப்பிடுங்க."

மண்டபமே ஒரு கணம் மூச்சை அடக்கியது. பிறகு முன்வரிசையில் இசக்கிமுத்து எழுந்தான். அவனுக்குப் பின்னால் பத்துப் பேர், நூறு பேர். குழாயடியில் வரிசை நின்றது. ஈரக் கையோடு எல்லோரும் அவளை நோக்கி நடந்து வந்தார்கள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டு மனிதர்கள் கிட்டே வந்தார்கள். மாடத்தி "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறுத்தவே இல்லை.

கடைசியாக மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை வந்தான். இரண்டு கையையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி மாமியாரிடம் காட்டிவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தான்.